கடலூர்–புதுச்சேரி எல்லைச் சிக்கலுக்குப் பழைய ஆவணங்களில் விடை தேடும் முறை

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் வருபவருக்கு ரெட்டிச்சாவடி கடந்து முள்ளோடையில் எல்லை முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் மேற்கே நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு பக்கம் போய்ப் பார்த்தால் தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும். இங்குள்ள எல்லை கிராமம் கிராமமாகப் பிரிந்து கிடக்கிறது. ஆகவே ஒரு நிலத்தைப் பற்றிப் பிணக்கு எழுந்தால், அது எந்தக் கிராமத்தின் எந்தப் புல எண் (சர்வே எண்), அந்தக் கிராமம் எந்த அரசின் கணக்கில் இருந்தது என்பதையே முதலில் தேட வேண்டும்.

அதற்கு முன், எந்த நாளில் இருந்த எல்லை வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவிடம் கைமாறியது 1954 நவம்பர் 1. ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28. அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. பெரும்பாலான கேள்விகள் 1954-இல் அந்தக் கிராமத்தை யார் ஆண்டார்கள் என்பதில் வந்து நிற்கும். அதற்கும் முன்னே போக வேண்டியிருந்தால், வில்லியனூரையும் பாகூரையும் புதுச்சேரியோடு சேர்த்த 1783 வெர்சாய் உடன்படிக்கையையும், ஆங்கிலேயர் கைப்பற்றிய பகுதிகளைத் திருப்பித் தரச் செய்த 1814 பாரிஸ் உடன்படிக்கையையும், 1816-இல் நடந்த ஒப்படைப்பின் ஆவணங்களையும் படிக்க வேண்டும். உடன்படிக்கையில் வட்டாரத்தின் பெயர்தான் இருக்கும். அதற்குள் அடங்கிய ஊர்களை அக்கால வருவாய்க் கணக்கிலிருந்துதான் எடுக்க முடியும்.

பழைய எல்லைச் சொற்களை அவசரமாகப் படிக்கக் கூடாது. 1690-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள நிலமும் அந்த விற்பனையில் அடங்கியது. குண்டு உப்பலவாடி, குண்டுசாலை என்ற பெயர்கள் அந்த நினைவை இன்றும் தாங்கி நிற்கின்றன. குண்டு விழுந்த இடத்தை வைத்து அளந்த எல்லையை இன்றைய மீட்டர் கணக்கில் அப்படியே பொருத்த முடியாது.

ஆவணங்கள் ஓரிடத்தில் கிடைக்காது. ஆங்கிலேயர் பக்கத்துக் கணக்குகளுக்குச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், தென் ஆற்காடு மாவட்டம் என்ற தலைப்பில் கேளுங்கள். கடலூர் மாவட்டம் 1993-இல்தான் தனியாகப் பிரிந்தது. பிரெஞ்சு ஆவணங்களுக்குப் புதுச்சேரியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகப் பதிவு மையமும், பிரான்சில் ஏக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பகுதிகளின் காப்பகமும் உண்டு. ஊர்ப் பெயரைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலிலும் எழுதி வைத்துக்கொள்ளாமல் போனால், கையிலிருக்கும் ஆவணக் கட்டிலேயே அந்த ஊரைக் காணாமல் திரும்பிவிட நேரும். வருவாய்க் கணக்குக்குரிய பசலி ஆண்டைக் கண்டால், ஆங்கில ஆண்டை அறிய 590-ஐக் கூட்டுங்கள். சனவரி முதல் ஜூன் வரையுள்ள பதிவுக்கு 591. குழி என்ற பழைய நில அளவுக் கணக்கைக் கண்டால், எந்த நீளமுள்ள கோலால் அளந்தது என்று பார்க்காமல் பரப்பை மாற்ற வேண்டாம்.

கிராம வரைபடத்தைக் கையில் வாங்கியதும் மடிப்புகளைக் கவனியுங்கள். துணி ஒட்டிய பழைய படத்தில் மை முதலில் அழிவது மடிப்பின் மேல்தான். எல்லைக் கோடு அந்த மடிப்பில் போகிறதென்றால், கண்ணால் ஊகித்து நிரப்புவது பெரும் தவறு. ஒவ்வொரு புல எண்ணுக்கும் உரிய புலப்படத்தில் எழுதியுள்ள அளவுகளைக் கொண்டு பரப்பைக் கணக்கிட்டு, கிராமத்தின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டின் பரப்போடு ஒப்பிட வேண்டும். அதே எல்லையை அடுத்த கிராமத்துப் படமும் காட்டும். இரண்டும் ஒத்துப்போனால் அது வலுவான சான்று. பிணக்கு எழுந்த பிறகு ஒரு தரப்பு மட்டும் வரைந்த படத்துக்கு நான் அத்தனை மதிப்புக் கொடுக்க மாட்டேன். பாகூர்ச் செப்பேடு போன்ற பல்லவர் காலச் சான்றுகள் ஊரின் தொன்மைக்கு அரிய செல்வம். இன்றைய நிர்வாக எல்லைக்கு அவற்றை இழுக்க வேண்டாம்.

தென்பெண்ணைக் கரையில் தனிக் கவனம் வேண்டும். 2024 டிசம்பர் வெள்ளம் போன்ற ஒன்று வந்துபோனால் கரையும் மணல்திட்டும் இடம் மாறிவிடும். ஆவணம் "ஆறு" என்று மட்டும் சொல்கிறதா, ஆற்றின் எந்தக் கரை என்று சொல்கிறதா, படம் எந்த ஆண்டு அளந்தது என்பதைத் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு, நாணலுக்குள், மூன்று கிராம எல்லைகள் கூடும் இடத்தில் நட்ட முச்சந்திக் கல்லைத் தேடுங்கள்.

புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்பதால் ஒன்றிய அரசையும் சேர்த்தே முறையிட வேண்டும். எல்லையை மாற்றுவது அரசமைப்பின் 3-ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்தின் அதிகாரம். உங்கள் மனு கேட்பது இருக்கும் எல்லையை அளந்து காட்டுவதை மட்டுமே என்று அதன் முதல் பத்தியிலேயே எழுதி, இரு பக்கத்து நில அளவையரும் சேர்ந்து செய்யும் கூட்டுப் புலத்தணிக்கையைக் கோருங்கள்.