குளிர்காலத்தில் ஃபர்னஸ் பைலட் சுடர் அணைந்தால்…

வீட்டைச் சூடாக்கும் பழைய கேஸ் ஃபர்னஸ்களில், பெரிய பர்னரைப் பற்றவைக்கும் பைலட் சுடர் சின்னதாக எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். கடுங்குளிரில்தான் அது அணைந்து தொலைக்கும். உடனே லைட்டரைத் தேடாதீர்கள். பற்றவைப்பது எளிது, ஏன் அணைந்தது என்று பார்க்காமல் பற்றவைப்பதுதான் ஆபத்து. (புது ஃபர்னஸ்கள் பெரும்பாலும் மின்சாரத்தால் பற்றிக்கொள்பவை. அவற்றில் பைலட்டே இருக்காது.)

முதலில் வாடை பாருங்கள், தரையோரமாகவும். சில வீடுகளில் எரிபொருளாகும் புரொப்பேன் வாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியேறுங்கள். தள்ளி நின்று கேஸ் நிறுவனத்துக்கு போன் செய்யுங்கள்.

நாற்றம் இல்லையா? வெளியே போய்ப் புகைபோக்கியின் வாயைப் பாருங்கள். பனி மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள்ளேயே திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்கட்டும். கைக்கு எட்டும் பனியை அகற்றலாம். கூரை வழுக்கும், மேலே ஏற வேண்டாம். பலத்த காற்று வீசும்போதெல்லாம் சுடர் அணைகிறதென்றால், புகைபோக்கி வழியாகக் காற்று கீழே இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். புரொப்பேன் தொட்டி என்றால் அளவையும் பாருங்கள். குளிர் ஏற ஏறத் தொட்டியில் அழுத்தம் குறையும்.

இனிப் பற்றவைக்கலாம். ஃபர்னஸ்மேல் ஒட்டியுள்ள குறிப்பு வேறு மாதிரி சொன்னால் அதையே பின்பற்றுங்கள். வீட்டின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் குறைத்து, கேஸ் குமிழை 'ஆஃப்'புக்குத் திருப்பி, குறைந்தது 5 நிமிடம் காத்திருங்கள். தேங்கிய கேஸ் கலைய வேண்டும். பின் 'பைலட்'டுக்குத் திருப்பி, குமிழை அழுத்தியபடி நீளமான லைட்டரால் பற்றவையுங்கள். சுடர் வந்ததும் கையை எடுத்துவிடாதீர்கள், 30 முதல் 60 விநாடி அழுத்தியே இருங்கள். சுடரில் நனைந்தபடி நிற்கும் உலோகக் குச்சிதான் தெர்மோகப்பிள். அது சூடேறி 25–30 மில்லிவோல்ட் அளவுக்கு மின்சாரம் தரும். அந்தத் துளி மின்சாரம்தான் வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. பிறகு மெதுவாக விடுங்கள். சுடர் அணையாமல் எரிந்தால் குமிழை 'ஆன்' நிலைக்குத் திருப்புங்கள்.

விட்டதும் அணைகிறதா? பெரும்பாலும் தெர்மோகப்பிள் அழுக்கேறியிருக்கும், இல்லை தேய்ந்திருக்கும். கேஸை மூடி, ஆறவிட்டு, நுனியை நைஸான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். நல்ல சுடர் நீலமாக நுனியைத் தழுவி எரியும். மஞ்சளாகத் தள்ளாடினால் பைலட்டுக்குக் கேஸ் வரும் துளையில் தூசி இருக்கலாம். அதை ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும், டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.