ரீகாம்பினன்ட் ஹ்யூமன் சி5ஏ-வ வீணாக்காம யூஸ் பண்றது

லேப்ல சி5ஏ (நோய் எதிர்ப்பு அமைப்புல வெள்ளை அணுக்கள கூப்பிடுற சின்ன ப்ரோட்டீன்) வயல் வந்ததும் நிறைய பேர் கேக்குறது, "உள்ள ஒண்ணுமே இல்லயே?"ன்னுதான். இருக்கும், 50 மைக்ரோகிராம் பவுடர்லாம் கண்ணுக்கு தெரியாது, மூடியிலயும் சுவத்துலயும் ஒட்டிக்கிட்டிருக்கும். அதனால திறக்கறதுக்கு முன்னாடியே சென்ட்ரிஃபியூஜ்ல ஒரு சின்ன ஸ்பின் குடுத்துடுங்க.

கரைக்க பிபிஎஸ்ல (உப்பு பஃபர்) 0.1% பிஎஸ்ஏ (மாட்டு சீரம் ஆல்புமின்) போதும் (லேபிள்ல வேற சொல்லியிருந்தா அதயே ஃபாலோ பண்ணுங்க). பிஎஸ்ஏ இல்லாம டைல்யூட் பண்ணா ப்ரோட்டீன்ல கொஞ்சம் ட்யூப் பிளாஸ்டிக்லயே ஒட்டிக்கும். வார்ட்டெக்ஸ் வேண்டாம், பத்து நிமிஷம் அப்படியே வச்சு மெதுவா பிப்பெட்ல ஏத்தி எறக்குங்க. 500 மைக்ரோலிட்டர்ல கரைச்சா 100 மைக்ரோகிராம்/மில்லி, இ.கோலை பாக்டீரியால செஞ்சதோட எடை 8.3 கிலோடால்டன் கிட்ட, அப்போ ஸ்டாக் சுமார் 12 மைக்ரோமோலார். 10 நானோமோலார் வேணும்னா 1200 மடங்கு, அத ஒரே அடியா பண்ணாதீங்க, முதல்ல 100 மடங்கு, அப்புறம் 12 மடங்கு. மிச்சத்த 10 மைக்ரோலிட்டர் அலிகாட்டா பிரிச்சு மைனஸ் 80-ல, ஒருதடவ எடுத்தத திரும்ப ஃப்ரீஸ் பண்ணாதீங்க.

இப்போ நான் மாட்டிக்கிட்ட கதை. நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளை அணு) சி5ஏ-வ நோக்கி நகருதான்னு பாக்குற மைக்ரேஷன் டெஸ்ட்டுக்கு கீழ் சேம்பர்ல 10% சீரம் இருக்குற மீடியத்துலயே சி5ஏ-வ கலந்துட்டேன், செல் நகரவே இல்ல, ரெண்டு வாரம் கம்பெனிய திட்டிட்டு இருந்தேன். தப்பு சீரத்துல. அதுல இருக்குற கார்பாக்சிபெப்டிடேஸ்-என்ங்கிற என்சைம், சி5ஏ-வோட 74 அமினோ ஆசிட்ல கடைசி ஆர்ஜினின வெட்டிடும், அந்த ஒண்ணு போனாலே நியூட்ரோஃபில இழுக்குற சக்தி பெருசா குறைஞ்சிடும். உடம்புக்கு அது நல்லது, இல்லன்னா அழற்சி அடங்கவே அடங்காது, ஆனா நம்ம எக்ஸ்பெரிமென்ட் காலி. அதனால சீரத்துக்கு பதிலா பிஎஸ்ஏ போட்ட பஃபர்.

டோஸ் 1, 10, 100 நானோமோலார்னு குறைஞ்சது மூணு வைங்க, ஏன்னா கர்வ் மணி மாதிரி வரும், அதிகமா போட்டா ரிசெப்டர் சோர்ந்துபோய் நகர்றது குறையும், ஒரே டோஸ் வச்சுட்டு வேலை செய்யலன்னு முடிவு பண்ணிடாதீங்க.

இ.கோலை ப்ரோட்டீன்னா எண்டோடாக்ஸின் (பாக்டீரியா சுவர்லேர்ந்து வர்ற நச்சு) சந்தேகம் எப்பவும் உண்டு, அதுவும் நியூட்ரோஃபில உசுப்பிவிடும். சி5ஏஆர்1 (சி5ஏ ஒட்டுற ரிசெப்டர்) பிளாக்கர் போட்ட ஒரு வெல் சேத்து வைங்க, அதுலயும் செல் அதே மாதிரி ஓடிச்சுன்னா ஓட வைக்கிறது சி5ஏ இல்ல.