ரிம்மை அளக்காமல் எம்டிபி டயர் வாங்காதீர்கள்

எம்டிபி (மலை சைக்கிள், மவுண்டன் பைக்) டயர் மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது "என் சைக்கிளுக்கு 2.4 போடலாமா, 2.6 போடலாமா" என்பதுதான். நியாயமான கேள்வி, ஆனால் அதற்கான பதில் டயரில் இல்லை, ரிம்மில் இருக்கிறது. நான் முதன்முதலில் டயர் மாற்றியபோது, உள் அகலம் 21 மி.மீ. மட்டுமே உள்ள ரிம்மில் 2.6 அங்குல டயரை மாட்டிக்கொண்டு வந்தேன். கடையில் "நல்லா உட்கார்ந்திருச்சு, ஓட்டுங்க" என்றார்கள். உட்காரத்தான் செய்தது, நேர் ரோட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. மறுவாரம் மண் பாதை இறக்கத்தில் ஒரு வளைவை வேகமாக எடுத்தபோது ரிம் ஒரு பக்கம் போக, டயர் இன்னொரு பக்கம் மடிய, முழங்கை கிழிந்து வீட்டுக்கு வந்தேன். அதற்கு அப்புறம்தான் ரிம்மை அளக்கவே கற்றுக்கொண்டேன்.

முதல் வேலை, டயரில் உள்ள எண்ணைப் படிப்பது. பக்கச் சுவரில் 29 x 2.25 என்று பெரிதாக இருக்கும், அதன் அருகிலேயே 57-622 என்று சின்னதாக ஓர் எண் இருக்கும். நமக்கு வேண்டியது இந்தச் சின்ன எண். 57 என்பது காற்றடித்த டயரின் அகலம், மில்லிமீட்டரில் (2.25-ஐ 25.4-ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்). 622 என்பது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். 29 அங்குல வீலுக்கு 622, 27.5-க்கு 584, நாம் சின்ன வயதில் ஓட்டிய 26-க்கு 559. விட்டத்தில் பேரமே கிடையாது, ஒரே எண்ணாக இருந்தால்தான் டயர் ஏறும். அகலத்தில்தான் கொஞ்சம் முன்னே பின்னே போகலாம், எவ்வளவு போகலாம் என்பதை ரிம்தான் சொல்லும்.

அடுத்தது ரிம்மை அளப்பது. எல்லாரும் தவறு செய்யும் இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாக. முதலில் ரிம்மின் ஸ்டிக்கரையும் உள்பக்கத்தையும் பாருங்கள், 622x25 என்று இருந்தால் 25 தான் உள் அகலம், வேலை முடிந்தது. சில கம்பெனிகள் பெயரிலேயே அதை வைத்துவிடுகிறார்கள்: டபிள்யூடிபி ரிம்களில் ஐ25, ஐ30 என்று இருப்பது உள் அகலம், மாவிக்கின் பழைய எக்ஸ்517, எக்ஸ்எம்719 ரிம்களில் கடைசி இரண்டு இலக்கம் உள் அகலம். ஒன்றுமே எழுதவில்லை என்றால் டயரைக் கழற்றி, வெர்னியர் காலிப்பரின் மேல் தாடைகளை இரண்டு சுவர்களுக்கும் நடுவில் விரித்து அளக்க வேண்டும். சுவரின் விளிம்பு உள்பக்கமாகக் கொக்கி போல வளைந்திருந்தால், அந்த இரண்டு கொக்கிகளுக்கு நடுவில் உள்ள தூரம்தான் கணக்கு, அடியில் உள்ள பள்ளத்தின் அகலம் அல்ல. வெளிப்பக்கமாக அளக்கவே அளக்காதீர்கள், சுவர்களின் தடிமனும் சேர்ந்து நாலைந்து மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும், அதை நம்பி வாங்கும் டயர் தப்பாகத்தான் இருக்கும். மூன்று நான்கு இடங்களில் அளந்து பாருங்கள், அடிபட்டு நசுங்கிய இடத்தை விட்டுவிடுங்கள்.

சரி, எண் கையில் இருக்கிறது. இப்போது ஜோடி சேர்ப்பது. 21 முதல் 25 மி.மீ. ரிம்முக்கு 2.0 முதல் 2.25 வரை. 25-ஐத் தாண்டி 30-ஐ நெருங்கும் ரிம்முக்கு 2.25 முதல் 2.4 வரை. 30 மி.மீ. என்றால் 2.4 அல்லது 2.5, 2.6-ம் பரவாயில்லை, டிரெயில் (காட்டு, மலைப் பாதையில் ஓட்டும்) சைக்கிள்களில் இப்போது அதிகம் வருவது இந்த ஜோடிதான். 35-க்கு 2.5 முதல் 2.8 வரை, 40-க்கு 2.8 முதல் 3.0 வரை. மணலிலும் பனியிலும் ஓட்டும் ஃபேட் பைக் வேறு உலகம், அங்கே ரிம்மே பெரும்பாலும் 65 மி.மீ.-க்கு மேல். மேக்சிஸ் கம்பெனி டயரில் டபிள்யூடி (WT) என்று போட்டிருந்தால், 30 முதல் 35 மி.மீ. ரிம்முக்காக வடிவமைத்தது என்று அர்த்தம், அதை 23-ல் மாட்டுவது காசுக்குக் கேடு.

இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட, காரணம் புரிந்தால் போதும். டயரின் குறுக்கு வெட்டை மனதில் நினைத்துப் பாருங்கள். ரிம் குறுகலாக இருந்தால் டயர் குண்டு பல்பு போல ஆகிவிடுகிறது, அடி ஒல்லி, மேலே பெருத்த வயிறு. வளைவில் சாயும்போது அந்த வயிறு ஆடுகிறது, ஆட்டத்தை நிறுத்தக் காற்றைக் கூட்டுகிறோம், காற்று கூடியதும் பிடிப்பு போய்விடுகிறது. ட்யூப்லெஸ் என்றால் டயரின் ஓரம் ஒரு நொடி விலகி 'புஸ்' என்று காற்று வெளியேறும். ரிம் அளவுக்கு மேல் அகலமானால் இதற்கு நேர்மாறு. டயர் சதுரமாகத் தட்டையாகிறது, ஓரத்துப் பட்டன்கள் (டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகள்) சாய்ந்தால் மட்டும் தரையைத் தொட வேண்டியவை, நேராகப் போகும்போதே உரசுகின்றன. பக்கச் சுவர் துருத்திக்கொண்டு நிற்பதால் கல் கிழிக்கும், டயரின் உயரமும் குறைவதால் ரிம்மே பாறையில் மோதும். மாட்டி முடித்ததும் சைக்கிளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து பாருங்கள், பல்பும் தெரியக் கூடாது, செங்கல்லும் தெரியக் கூடாது.

கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலையில் 1970-களில் பழைய க்ரூசர் சைக்கிள்களை ஓட்டி இந்த விளையாட்டைத் தொடங்கியவர்கள் 26 x 2.125 பலூன் டயர்களைத்தான் போட்டார்கள். 90-களில் எடை குறைக்கும் ஆசையில் ரேஸ் சைக்கிள் ரிம்கள் 17 மி.மீ. வரை குறுகின. டிஸ்க் பிரேக்கும் ட்யூப்லெஸ்ஸும் வந்த பிறகுதான் மறுபடி அகலமாயின. அதனால் பழைய சைக்கிள் வாங்கியிருந்தால் கண்டிப்பாக அளந்துவிடுங்கள்.

வாங்கும் முன் ஃபிரேமில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரிம்மின் உள் அகலம் 1 மி.மீ. கூடினால் அதே டயர் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் பெருக்கும், அதாவது 25-லிருந்து 30-க்குப் போனால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல். டயருக்கு இரண்டு பக்கமும் 6 மி.மீ. இடைவெளியாவது வேண்டும், 6 மி.மீ. ஆலன் கீயை நுழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். செயின்ஸ்டேயில் (பெடலிலிருந்து பின் வீலுக்குப் போகும் ஃபிரேம் குழாய்) மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். முன்னால் ஏர் ஃபோர்க் (காற்றில் இயங்கும் சஸ்பென்ஷன்) என்றால் காற்றை முழுதும் இறக்கி, கீழ் வரை அமுக்கி, டயர் மேலே ஃபோர்க்கின் இரண்டு கால்களும் சேரும் கிரவுனில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

காற்றழுத்தம் ஆளைப் பொறுத்தது. 70 கிலோ எடையில், 30 மி.மீ. ரிம்மில் 2.4 ட்யூப்லெஸ் டயருக்கு நான் முன்னால் 21, பின்னால் 24 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். ட்யூப் போட்டிருந்தால் நாலைந்து கூட்டுங்கள், இல்லாவிட்டால் கல்லில் இடித்ததும் பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டையாகப் பஞ்சர் விழும். ரிம்மிலும் டயரிலும் அதிகபட்ச அழுத்தம் வேறு வேறாகப் போட்டிருந்தால், குறைவானதுதான் உங்கள் எல்லை.

உங்களிடம் 25 மி.மீ. ரிம் இருந்தால் வீலை மாற்றச் செலவு செய்யாதீர்கள் என்பேன். நல்ல 2.25 டயர் போதும், முன்னால் மட்டும் கொஞ்சம் தாண்டி 2.35 போட்டுக்கொண்டால் வளைவில் தைரியம் வரும். வீல் எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால் 30-ஐ எடுங்கள்.

புது டயர் முதல் சில நாட்களில் காற்றில் கொஞ்சம் விரியும். அதனால் ஒரு வாரம் ஓட்டிய பிறகு அதே ஆலன் கீயை இன்னொரு முறை நுழைத்துப் பார்த்துவிடுங்கள்.