கிட்டில் மேர்ஜ் கொன்பிளிக்ட் வந்தால் என்ன செய்வது?

பலர் சேர்ந்து எழுதும் புரோகிராமின் மாற்றங்களைச் சேமித்து வைப்பது கிட். ஒவ்வொருவரும் தனியாக வேலை செய்யும் கிளை பிரான்ச், சேமித்த ஒவ்வொரு நிலையும் கொமிட், கிளைகளை இணைப்பது மேர்ஜ். ஹட்டனில் ஒரு தம்பியும் பண்டாரவளையில் ஒரு அக்காவும் சேர்ந்து, பைதன் என்ற புரோகிராம் மொழியில் தேயிலைக் கொழுந்து நிறைக் கணக்கு எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய வரி இது:

நிறை = இன்ட்(மொத்தம் - 2)

தராசு எதைக் காட்டினாலும் சாக்குக்கென்று 2 கிலோ கழியும், தசமமும் வெட்டுப்படும். தம்பி 'மெயின்' பிரான்ச்சில், சாக்கின் உண்மையான நிறையை மட்டும் கழித்தார். அக்கா 'தசமம்' பிரான்ச்சில், ஒரு தசம இடம் வரை தொலையாமல் பார்த்துக்கொண்டார். இருவரும் தொட்டது ஒரே வரி. எது வேண்டும் என்று கிட்டால் முடிவெடுக்க முடியாது. இதுதான் மேர்ஜ் கொன்பிளிக்ட்.

1. முதலில் உங்கள் வேலையைக் கொமிட் செய்யுங்கள். பிறகு மெயினில் இருந்தபடி 'கிட் மேர்ஜ் தசமம்' கொடுங்கள். கொன்பிளிக்ட் என்று வந்தால் பதற வேண்டாம். இரண்டு கொமிட்டும் பத்திரமாக இருக்கின்றன. குழம்பினால் 'கிட் மேர்ஜ் --அபோர்ட்' போட்டுப் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

2. 'கிட் ஸ்டேட்டஸ்' கொடுத்தால், சிக்கிய பைல் 'போத் மொடிஃபைட்' என்று தெரியும். அதைத் திறந்தால்:

<<<<<<< ஹெட்
நிறை = இன்ட்(மொத்தம் - சாக்கு)
=======
நிறை = ரவுண்ட்(மொத்தம் - 2, 1)
>>>>>>> தசமம்

மேலே இருப்பது நீங்கள் நிற்கும் பிரான்ச்; கீழே வந்து சேர்வது.

3. இங்கேதான் நிதானம் வேண்டும். எடிட்டரில் ஒரு பக்கத்தை அப்படியே ஏற்கும் பட்டன் இருக்கும். அதை அழுத்தாதீர்கள். தராசு 18.46, சாக்கு 0.3 என்று போட்டுப் பாருங்கள். மேல் வரி 18 தரும், கீழ் வரி 16.5 தரும். சரியான விடை 18.2. எந்தப் பக்கத்தை எடுத்தாலும் கொழுந்து பறித்தவருக்குத்தான் நட்டம். முழுப் பேரா (முழு நாட்கூலி) அரைப் பேரா (அரை நாட்கூலி) என்பதே இந்த நிறையில் நிற்கும்போது, இதை அவசரத்தில் தீர்ப்பது தவறு.

யார் எதற்காக மாற்றினார் என்று புரியாவிட்டால் 'கிட் செக்அவுட் --கொன்பிளிக்ட்=டிஃப்3' என்று எழுதி, பைலின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் பழைய வரியும் தோன்றும். அந்தப் பைலில் அதுவரை கையால் திருத்தியது போய்விடும் என்பதால், திருத்துவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். அதன் பிறகும் சந்தேகமென்றால் அக்காவுக்கு ஒரு கோல் எடுப்பதே நல்லது.

4. எல்லாக் குறி வரிகளையும், நடுவில் பழைய வரி தோன்றியிருந்தால் அதையும் அழித்து, இரண்டு நோக்கமும் சேர்ந்த ஒரே வரியை எழுதுங்கள்:

நிறை = ரவுண்ட்(மொத்தம் - சாக்கு, 1)

5. புரோகிராமை ஓட்டி, 18.2 வருகிறதா என்று பாருங்கள். குறிகள் எங்காவது மிஞ்சியிருந்தால் 'கிட் டிஃப் --செக்' காட்டிக்கொடுக்கும்.

6. 'கிட் அட்' கொடுத்து அந்தப் பைலைச் சேர்த்து, 'கிட் கொமிட்' செய்யுங்கள். ஏன் இப்படி இணைத்தீர்கள் என்று மெசேஜில் ஒரு வரி எழுதுங்கள். இதுவரை செய்த எதற்கும் இன்டர்நெட் தேவையில்லை. மழைக்குச் சிக்னல் போயிருந்தால், வந்த பிறகு 'கிட் புஷ்' கொடுத்து மற்றவருக்கும் போய்ச் சேரும்படி அனுப்பினால் போதும்.