பட்ஜெட் செயலி தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதம் பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, சம்பளம் கரைந்துவிட்டது. எங்கே போனது என்று தெரியவில்லை. உடனே ப்ளே ஸ்டோரைத் திறந்து 'பட்ஜெட்' என்று தேடி, அதிக நட்சத்திரம் வாங்கிய செயலியை இறக்கிவிடுகிறோம். எல்லாச் செலவையும் அதுவே கண்டுபிடித்து எழுதிக்கொள்ளும் என்று விளம்பரம் சொன்னால் இன்னும் வசதி. முதல் மாதம் வண்ண வண்ண வட்டங்களைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இரண்டாம் மாதம் அந்தக் கணக்கும் வங்கி இருப்பும் ஒத்துப்போகாது. மூன்றாம் மாதம் அந்தச் செயலியை யாரும் திறப்பதில்லை.

இதற்குச் சோம்பல்தான் காரணம் என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். பெரும்பாலும் தவறு தேர்விலேயே இருக்கிறது. ஒரு செயலியில் என்னென்ன வசதி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், நம் வீட்டுப் பணத்தில் எந்தப் பகுதி அதன் கண்ணில் படாமல் போகும் என்று பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் இறக்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்புவது

இந்தியாவில் 'தானாகவே கணக்கெழுதும்' செயலிகளில் பல, வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ்களைப் படித்துத்தான் கணக்குப் போடுகின்றன. எஸ்எம்எஸ் வராத செலவு அவற்றைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. பால்காரருக்கும் காய்கறிக்காரம்மாவுக்கும் கொடுக்கும் ரொக்கம் விட்டுப்போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். யுபிஐயிலும் விட்டுப்போகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

யுபிஐ செயலிக்குள் சில்லறைச் செலவுக்கென்று இருக்கும் யுபிஐ லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் நம்பர் போடாமலே அனுப்பலாம். 5,000 ரூபாய் வரை இருப்பு வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கிலிருந்து லைட்டுக்குப் பணம் ஏற்றுவது மட்டும்தான் பாஸ்புக்கில் வரும். அதிலிருந்து டீக்கடைக்கு 15, ஆட்டோவுக்கு 80, மருந்துக்கடைக்கு 240 என்று போவது தனித்தனியாக வராது. லைட்டில் 2,000 ஏற்றியிருந்தால், செயலிக்குத் தெரிவது '2,000 ரூபாய் போனது' என்ற ஒரே வரி. லைட் இல்லாத சாதாரண யுபிஐயிலும் சிக்கல் உண்டு. எச்டிஎஃப்சி வங்கி 2024 ஜூன் 25 முதல் 100 ரூபாய்க்குக் குறைவான யுபிஐ செலவுக்கும் 500 ரூபாய்க்குக் குறைவான வரவுக்கும் எஸ்எம்எஸ் அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. சம்பளத்தைக் கரைப்பது சில்லறைச் செலவுகள்தான் என்று சந்தேகப்பட்டுச் செயலி தேடியவருக்கு, அந்தச் சில்லறையே கணக்கில் வராது!

வராதது ஒரு பக்கம் என்றால், வந்ததைத் தப்பாகப் புரிந்துகொள்வது இன்னொரு பக்கம். ஒரு உதாரணம் பார்க்கலாம். கிரெடிட் கார்டில் 8,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கினீர்கள், எஸ்எம்எஸ் வந்தது. பிறகு அந்த 8,000 ரூபாய் பில்லைச் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டினீர்கள், அதற்கும் எஸ்எம்எஸ் வந்தது. பில் கட்டியதை அடையாளம் காணத் தெரியாத செயலி, 16,000 செலவு என்று எழுதிவிடும். இன்னொரு வங்கியில் இருக்கும் உங்கள் சொந்தக் கணக்குக்கே 5,000 மாற்றினால் அது ஒரு செலவு, ஒரு வருமானம். நண்பர்கள் மூன்று பேரோடு சாப்பிடப் போய் 2,400 ரூபாய் பில்லை நீங்கள் கட்டி, அவர்கள் ஆளுக்கு 600 திருப்பி அனுப்பினால், உங்கள் சாப்பாட்டுச் செலவு 2,400, வருமானம் 1,800 என்று பதிவாகும். உண்மையில் நீங்கள் செலவழித்தது 600 ரூபாய். நகைக்கடையில் மாதம் 3,000 கட்டும் நகைச் சீட்டு ஷாப்பிங் என்று போய்ச் சேரும்.

ஆகவே தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயங்களை நேரில் சோதித்துப் பாருங்கள். சொந்தக் கணக்குகளுக்குள் பணம் மாற்றுவதைச் செலவாகவோ வரவாகவோ எண்ணாமல் தனியாகப் பதிய வழி இருக்கிறதா? கிரெடிட் கார்டைத் தனிக் கணக்காக வைத்து, பில் கட்டுவதை அந்தக் கடனைத் தீர்ப்பதாகக் காட்டுகிறதா? தானாக வந்த பதிவைத் திருத்தவோ நீக்கவோ விடுகிறதா? மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்தச் செயலி மாதக் கடைசியில் உங்களைக் குழப்பும்.

என்னைக் கேட்டால், கையால் பதியும் செயலியே நல்லது. ரியல்பைட் நிறுவனத்தின் மணி மேனேஜர், மோனிஃபை போன்றவை இந்த வகை. ஒரு செலவைப் பதியச் சில நொடிகள் போதும். '180, மாலை டிபன்' என்று நம் விரலாலேயே தட்டும்போது அந்தச் செலவு நினைவில் பதிகிறது. தானாக எழுதப்பட்ட பட்டியலை மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்ப்பதில் இந்தப் பலன் கிடைப்பதில்லை. அதனால் புதுப் பதிவுக்கு எத்தனை தடவை தட்ட வேண்டியிருக்கிறது, முகப்புத் திரையில் விட்ஜெட் வைக்க முடிகிறதா என்பதெல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றினாலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்ட அனுமதியையெல்லாம் கொடுப்பது

எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்தால் வங்கிச் செய்தி மட்டும்தான் படிக்கப்படும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அப்படிப் பிரித்துக் கொடுக்க முடியாது. அனுமதி கொடுத்தால் முழு இன்பாக்ஸும் திறந்துவிடும், ஓடிபி உட்பட. இந்த ஆபத்தை உணர்ந்துதான் கூகுள் 2019 முதல் ப்ளே ஸ்டோர் செயலிகள் எஸ்எம்எஸ் படிப்பதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ஆனால் செலவுக் கணக்குச் செயலிகளுக்கு விதிவிலக்கு வைத்தது. அதாவது இந்த விஷயத்தில் பொறுப்பு நம் தலையில்தான். ஐபோனில் எந்தச் செயலியும் இப்படி இன்பாக்ஸைப் படிக்க முடியாது. ஐபோன்காரர்கள் ஆண்ட்ராய்டு விமர்சனங்களைப் படித்துவிட்டுக் காசு கட்டி ஏமாற வேண்டாம்.

எஸ்எம்எஸ் அனுமதியாவது அந்தச் செயலியின் வேலைக்குத் தேவை என்று சொல்லலாம். தொடர்புப் பட்டியல், அழைப்பு விவரம், இருப்பிடம் எல்லாம் வீட்டுக் கணக்கு எழுத எதற்கு? நோட்டிஃபிகேஷன் படிக்கும் அனுமதி கேட்டால் இன்னும் யோசிக்க வேண்டும், அதில் வாட்ஸ்அப் செய்திகளும் தெரியும். அக்சஸிபிலிட்டி அனுமதி கேட்டால் அந்த நிமிடமே நீக்கிவிடுங்கள். அந்த அனுமதி இருந்தால் திரையில் இருப்பதைப் படிக்கலாம், நமக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தலாம். கார்டு எண், சிவிவி, நெட்பேங்கிங் பாஸ்வேர்டு, யுபிஐ பின் எதுவும் பட்ஜெட் போடத் தேவையில்லை. ப்ளே ஸ்டோரில் 'டேட்டா சேஃப்டி' என்ற பகுதியைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள், அது செயலியை உருவாக்கியவரே எழுதிக்கொடுத்த உறுதிமொழி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வங்கிக் கணக்கை முறையாக இணைக்க இந்தியாவில் ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் அக்கவுண்ட் அக்ரிகேட்டர். ரிசர்வ் வங்கி 2016இல் விதிகளை வகுத்தது, 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நடுவில் இருக்கும் அக்ரிகேட்டர் நம் தகவலைப் படிக்கவோ சேமிக்கவோ கூடாது, வங்கியிலிருந்து வாங்கிக் கேட்டவரிடம் சேர்ப்பதோடு சரி. பாஸ்வேர்டு கொடுக்கும் முறையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆனால் இங்கும் ஒரு தவறு நடக்கிறது. ஒப்புதல் திரையில் எதற்காக, எத்தனை மாதக் கணக்கு, எவ்வளவு காலத்துக்கு, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று தெளிவாக எழுதியிருக்கும். அதைப் படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டிவிடுகிறோம். கொடுத்த ஒப்புதலை அக்ரிகேட்டரின் செயலியில் போய் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

இலவசம் என்பதோடு விசாரணையை நிறுத்திக்கொள்வது

விளம்பரமும் இல்லை, கட்டணமும் இல்லை என்றால் அந்தச் செயலிக்குச் சம்பாத்தியம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டே ஆக வேண்டும். நம் வரவு செலவு முழுவதும் தெரிந்த ஒருவருக்கு, நமக்கு எப்போது கை வறண்டுபோகும் என்பதும் தெரியும். கடன் விற்பவருக்கு இதைவிட மதிப்புள்ள தகவல் வேறில்லை. எஸ்எம்எஸ் படித்துச் செலவுக் கணக்கு காட்டிப் பெயர் வாங்கிய வால்நட் செயலியை 2018இல் கேப்பிடல் ஃப்ளோட் என்ற கடன் நிறுவனம் வாங்கியது. பிறகு அது ஆக்ஸியோ என்று பெயர் மாறியது. இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. ஆனால் செலவைக் குறைக்க நாம் இறக்கிய செயலி, கடன் வாங்கச் சொல்லும் செயலியாகவும் மாறலாம் என்பதை மறக்கக் கூடாது. முதல் திரையிலேயே 'உங்களுக்கு 50,000 ரூபாய் வரை உடனடிக் கடன்' என்று மின்னினால், அது பட்ஜெட் செயலியே அல்ல என்பது என் முடிவு. கடன் செயலிகள் போனில் உள்ள தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இலேயே விதி போட்டுவிட்டது. கேட்டால் மறுக்கலாம்.

காசு கட்டும் செயலி என்றால் தொகையை ஆண்டுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். வெளிநாட்டில் பெரிதாகப் பேசப்படும் ஒய்நாப் (YNAB) என்ற பட்ஜெட் செயலியின் சந்தா ஆண்டுக்கு 109 டாலர், நம் காசுக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல். அதில் வங்கிக் கணக்கை இணைக்கலாம் என்பார்கள். அந்த வசதி இந்திய வங்கிகளுக்குக் கிடையாது. அப்புறம், இலவச சோதனைக் காலம் முடிவதற்குள் செயலியை அழித்துவிட்டால் சந்தாவும் ரத்தாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. ப்ளே ஸ்டோரின் சந்தாப் பகுதிக்குப் போய் ரத்து செய்தால்தான் உண்டு.

நம் செலவு எந்த இடைவெளியில் வருகிறது என்று பார்க்காமல் விடுவது

பெரும்பாலான செயலிகள் எல்லாச் செலவும் மாதத்துக்கு ஒரு முறை வருவதாக வைத்துக்கொண்டு வரம்பு போடச் சொல்கின்றன. தமிழ்நாட்டில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. சொத்து வரி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ், தீபாவளித் துணிமணி எல்லாம் ஆண்டில் ஏதோ ஒரு மாதத்தில் மொத்தமாக வந்து விழும். கரண்ட் பில் 2,600 வரும் வீட்டில் மாதம் 1,300 என்று வரம்பு வைத்தால், ஒரு மாதம் 1,300 மிச்சம் என்று செயலி பாராட்டும், அடுத்த மாதம் இரண்டு மடங்கு செலவு என்று சிவப்பில் காட்டும். இரண்டுமே பொய்.

இதற்குத் தீர்வு, இந்த மாதம் செலவாகாத ஒதுக்கீட்டை அடுத்த மாதத்துக்கு எடுத்துச்செல்லும் வசதி. அது இருந்தால் சொத்து வரிக்கு மாதாமாதம் ஒதுக்கி வைத்து, அரையாண்டு தொடங்கியதுமே கட்டிவிடலாம். சென்னையில் அப்படி முதல் மாதத்துக்குள் கட்டுகிறவர்களுக்கு மாநகராட்சி 5 சதவீதம் ஊக்கத்தொகையும் தருகிறது. செயலியில் மாதம் எந்தத் தேதியில் தொடங்க வேண்டும் என்று மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். 28ஆம் தேதி சம்பளம் வாங்குகிறவருக்கு 1ஆம் தேதி தொடங்கும் மாதம் ஒருபோதும் பொருந்தாது.

செலவுகளைப் பிரித்துப் போடும் தலைப்புகளும் அப்படித்தான். செயலியோடு வரும் தலைப்புகளில் மொய் இருக்காது, ஏலச்சீட்டு இருக்காது, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பும் பணம் இருக்காது. சொந்தமாகத் தலைப்பு சேர்க்கவும், குறிப்பில் தமிழில் எழுதவும், எழுதியதைத் தேடவும் முடிய வேண்டும். 'மொய், மாமா பெண் கல்யாணம், 2,000' என்று எழுதி வைத்தால் பல வருடம் கழித்தும் தேடி எடுக்கலாம். தலைப்புகள் எட்டோ பத்தோ போதும். முப்பது வைத்தால் ஒவ்வொரு தடவையும் எதில் போடுவது என்று யோசித்தே சலித்துப்போகும்.

போட்ட கணக்கை வெளியே எடுக்க வழி பார்க்காமல் தொடங்குவது

அமெரிக்காவில் 2007இல் தொடங்கிய மின்ட் என்ற பட்ஜெட் செயலி மிகப் பிரபலமாக இருந்தது. இன்ட்யூட் நிறுவனம் 2009இல் அதை வாங்கியது, 2024 மார்ச்சில் மூடியும் விட்டது. அவ்வளவு பெரிய செயலிக்கே இந்த நிலை. முதல் நாளே நாலைந்து பதிவு போட்டு, அதை சிஎஸ்வி அல்லது எக்செல் கோப்பாக வெளியே எடுத்துத் திறந்து பாருங்கள். தேதியும் தொகையும் தலைப்பும் குறிப்பும் ஒழுங்காக வருகின்றனவா? தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக உடையாமல் வருகிறதா? சில செயலிகள் பதிவை இலவசமாக ஏற்றுக்கொண்டு, வெளியே எடுக்கக் காசு கேட்கும். போன் தொலைந்தால் மீட்க பேக்கப் எங்கே போகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

கணவன் மனைவி இருவரும் செலவு செய்யும் வீட்டில் ஒருவர் போனில் மட்டும் செயலி இருந்தால் பாதிக் கணக்குதான் கிடைக்கும். இருவரும் பதியும் வசதி பல செயலிகளில் கட்டணப் பதிப்பில்தான் உண்டு. குட்பட்ஜெட் என்ற செயலியில் ஒரே கணக்கை இரண்டு போனில் பயன்படுத்தலாம். எதுவானாலும் இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். ஒருவர் தேர்ந்தெடுத்து மற்றவரிடம் தினமும் கணக்குக் கேட்டால், மறைக்கப்படும் செலவுதான் கூடும்.

முடிவெடுக்கும் முன் இரண்டு செயலிகளை மட்டும் இறக்கி, போன மாத வங்கி அறிக்கையிலிருந்து இருபது வரிகளை இரண்டிலும் பதிந்து பாருங்கள். கார்டு பில், சொந்தக் கணக்கு மாற்றம், ரொக்கம் எடுத்தது, நண்பர் திருப்பித் தந்தது எல்லாம் அதில் இருக்கட்டும். எதில் இருப்புத்தொகை சரியாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை அழிப்பதற்கு முன்னால், அதன் அமைப்புகளில் 'கணக்கை நீக்கு' என்பதைத் தேடி முதலில் அதைச் செய்யுங்கள். செயலிக்குள்ளேயே கணக்குத் தொடங்கச் சொல்லும் செயலிகள் நீக்கவும் வழி தர வேண்டும் என்பது ப்ளே ஸ்டோரின் விதி. போனிலிருந்து ஐகானை மட்டும் எடுத்துவிட்டால், நீங்கள் கொடுத்த விவரங்கள் அவர்கள் சர்வரில் அப்படியே இருக்கும்.