யாரும் கூப்பிட மாட்டார்கள்: ஒரு வருடம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்த நண்பர் ஒருவர், நீர் மேலாண்மையில் ஒரு வருடம் ஆராய்ச்சி செய்ய மிஷிகன் போனார். ஊரில் அவர் அறைக்கு வெளியே எப்போதும் பத்துப் பேர் கோப்போடு நிற்பார்கள். அங்கே அவருக்குக் கிடைத்தது ஜன்னல் இல்லாத அடித்தள அறையில் ஒரு மேசை, ஒரு சாவி, ஒரு வைஃபை பாஸ்வேர்ட். அழைத்த பேராசிரியர் முதல் நாள் கை குலுக்கி, "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்றார். நண்பர் தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். மூன்று வாரம் உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் கூப்பிடுவார் என்று இவர் காத்திருக்க, இவருக்கு ஒன்றும் தேவையில்லை போலிருக்கிறது என்று அவர் இருந்துவிட்டார்.

நம் ஊரில் அந்த வாக்கியம் வழியனுப்பும்போது சொல்லும் மரியாதை. அங்கே அதுதான் நடைமுறை. சொன்னால் செய்து தருவார்கள். சொல்லாவிட்டால், தொந்தரவு செய்யக் கூடாது என்று விலகியே இருப்பார்கள்.

நானும் அந்த மாநிலத்தில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தவன். கிளம்புகிறவர்கள் யாராவது போன் செய்தால், பெட்டி எத்தனை கிலோ, குக்கர் எடுத்துப் போகலாமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். குக்கர் எடுத்துப் போங்கள், தப்பில்லை. அதைவிடப் பெரிய சங்கதிகள் இருக்கின்றன.

பெயரில் தொடங்குகிறது

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். அதனால் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் நம்மில் ஏராளம். அமெரிக்க விசா முறையில் அந்தக் கட்டம் காலியாக இருக்க முடியாது. எனவே உங்கள் பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயராக வைத்துவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று போட்டுவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது.

இது விசாவோடு நிற்பதில்லை. பல்கலைக்கழக அடையாள அட்டை, மின்னஞ்சல், வங்கி அட்டை, ஓட்டுநர் உரிமம் என்று போகிற இடமெல்லாம் கூடவே வரும். எனக்குத் தெரிந்த ஒருவரைத் துறை அலுவலகத்து அம்மா தினமும் "ஹாய் ஃப்னு" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அதை ஓர் இந்தியப் பெயர் என்றே நினைத்துவிட்டார், பாவம். இவரும் கூச்சப்பட்டுத் திருத்தவில்லை. ஒரு வருடம் ஃப்னுவாகவே இருந்துவிட்டு வந்தார்.

அழைப்பு உறுதியானதும் முதல் வேலையாகப் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். கட்டம் காலியாக இருந்தால், அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் புதுப் பாஸ்போர்ட் வாங்குங்கள். அப்புறம் அதன் நகலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புங்கள். வரிசை மாறினால், விசாவுக்கு விண்ணப்பிக்க அவர்கள் தரும் டிஎஸ்-2019 படிவத்தில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் வேறு பெயரும் இருக்கும். அதைச் சரிசெய்ய வாரக்கணக்கில் அலைய வேண்டும்.

எந்த ஜே-1?

ஒரு வருடத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் போவது ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில்தான். அதற்குள்ளேயே பல வகைகள் உண்டு. உங்கள் டிஎஸ்-2019 படிவத்தில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை.

'ஷார்ட் டெர்ம் ஸ்காலர்' என்றிருந்தால் 6 மாதம்தான் உச்சவரம்பு, நீட்டிக்க முடியாது. 'ரிசர்ச் ஸ்காலர்' என்றால் 5 வருடம் வரை இருக்கலாம். ஆனால் ஒரு வருடத்தில் முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டால், மீதி நான்கு வருடம் வங்கியில் போட்ட பணம் மாதிரி காத்திருக்காது. அதே வகையில் மறுபடி போக 24 மாதம் பொறுத்திருக்க வேண்டும். "இப்போது இரண்டு மாதம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், அடுத்த ஆண்டு முழுசாகப் போகிறேன்" என்று திட்டமிடுகிறவர்கள் விழும் குழி இதுதான். அந்த இரண்டு மாதத்துக்கு ஷார்ட் டெர்ம் வகையில் போக முடியுமா என்று பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்தில் கேட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இன்னொன்று, திட்டம் முடிந்த பிறகு இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை. ஃபுல்பிரைட் உதவித்தொகை போல அரசுப் பணத்தில் போகிறவர்களை அது பிடிக்கும். அந்த இரண்டு வருடத்தை முடிக்காமல், அல்லது தனியாக விலக்கு வாங்காமல், ஹெச்-1பி வேலை விசாவோ கிரீன் கார்டோ வாங்க முடியாது. எந்த நாட்டுக்கு எந்தத் துறை ஆட்கள் தேவை என்று அமெரிக்கா வைத்திருக்கும் திறன் பட்டியலைப் பார்த்தும் முன்பு இந்தியர்களுக்கு இந்த நிபந்தனை வந்தது. 2024 டிசம்பரில் அந்தத் திறன் பட்டியலிலிருந்து இந்தியாவை எடுத்துவிட்டார்கள். பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும், அந்தச் செய்தியைப் பாதி படித்துவிட்டு ஃபுல்பிரைட்டுக்கும் விலக்கு என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே தப்பு.

விசா நேர்காணலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் உள்ள துணைத் தூதரகத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு உங்கள் முனைவர் பட்ட ஆய்வுரை தேவையில்லை. என்ன செய்யப் போகிறீர்கள், யார் பணம் தருகிறார்கள், திரும்பி வந்து எந்த வேலையில் சேர்வீர்கள் என்பதை நான்கு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தால் போதும். 2025 ஜூன் முதல் ஜே விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்கச் சொல்கிறார்கள். அதை முதல் நாள் இரவு நினைவு வந்து அவசர அவசரமாக மாற்றாதீர்கள்.

பல்லும் தழும்பும்

அங்கே போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் தள்ளிப்போட்டது ஒரு கடவாய்ப் பல். நவம்பரில் ஒரு ராத்திரி அது என்னைப் பழிவாங்கியது. காப்பீடு இருக்கிறதே என்று தைரியமாகப் போய் உட்கார்ந்தேன். மருத்துவக் காப்பீட்டில் பல் சேராது, அது தனி. வேர் சிகிச்சைக்கும் மேலே போட்ட உறைக்கும் சேர்த்து ஆயிரம் டாலருக்கு மேல் கைக்காசு. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் இன்னொரு ஜோடி செய்து எடுத்துப் போங்கள்.

காப்பீட்டை ஊரிலேயே மலிவாக வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. ஜே-1 விதிப்படி, ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர், சிகிச்சைக்காகச் சொந்த நாடு கொண்டுவர 50,000 டாலர், இறந்தால் உடலைக் கொண்டுவர 25,000 டாலர் இருக்க வேண்டும். நம் கையிலிருந்து முதலில் கட்டும் தொகை 500 டாலரைத் தாண்டக் கூடாது. கூட வரும் மனைவி, பிள்ளைகளுக்கும் இதே அளவு வேண்டும். விமானப் பயணக் காப்பீட்டை வாங்கிக்கொண்டு போய் நிற்பவர்களுக்கு இது புரியும்போது செமஸ்டர் தொடங்கியிருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு எத்தனை மாதம் கழித்துச் செலவைத் தருவார்கள் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

அப்புறம் காசநோய்ப் பரிசோதனை. பல இடங்களில் கேட்கிறார்கள். நமக்கெல்லாம் இடது தோளில் பிசிஜி தடுப்பூசியின் தழும்பு இருக்கும். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் பழைய பரிசோதனையில், இந்தத் தடுப்பூசி போட்டவர்களுக்கு நோய் இல்லாமலே வீங்கிக் காட்டலாம். உடனே எக்ஸ்ரே, மாத்திரை என்று பேச்சு நீளும். "எனக்கு பிசிஜி போட்டிருக்கிறது, ரத்தப் பரிசோதனையாகச் செய்யுங்கள்" என்று நீங்களே சொல்ல வேண்டும். கேட்டால் செய்வார்கள்.

பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விட மாட்டார்கள். எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரும் என்பது காரணம். கசகசா அங்கே பிரச்சினையில்லை. வழியில் துபாயிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாறினால்தான் பிரச்சினை, இரண்டு இடத்திலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். குருமாவுக்காகச் சிறை போக வேண்டாம்.

வீடு

டிஎஸ்-2019இல் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாள் முன்பு வரை உள்ளே நுழையலாம். இரண்டு வாரமாவது முன்னால் போங்கள். சனிக்கிழமை போய் இறங்காதீர்கள், எல்லா அலுவலகமும் மூடியிருக்கும்.

ஆன் ஆர்பர், ஈஸ்ட் லான்சிங் போன்ற பல்கலைக்கழக ஊர்களில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் ஆகஸ்டில் தொடங்கி ஆகஸ்டில் முடியும். உங்கள் பயணம் பத்து மாதம் என்றால் மீதி இரண்டு மாதத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. கோடையில் உள்வாடகைக்கு விடலாம் என்பார்கள், ஆனால் கோடையில்தான் ஊரே காலியாகும். பத்து மாத ஒப்பந்தம் தர முடியுமா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். பல்கலைக்கழகக் குடியிருப்புகளில் சில சமயம் கிடைக்கும். படத்தை மட்டும் பார்த்துவிட்டு ஊரிலிருந்தே முன்பணம் அனுப்பச் சொல்கிறவர் வீட்டுக்காரராக இருக்க வாய்ப்பு குறைவு. முதல் பத்து நாள் ஒரு தற்காலிக அறையில் தங்கி, நேரில் பார்த்து எடுப்பதுதான் நல்லது.

மிஷிகன் சட்டப்படி டெபாசிட் ஒன்றரை மாத வாடகையைத் தாண்டக் கூடாது. குடிபோகும்போது வீட்டின் நிலையைக் குறிக்க ஒரு பட்டியல் தருவார்கள். அதை 7 நாளுக்குள் நிரப்பித் திருப்பித் தர வேண்டும். சுவரில் ஆணி ஓட்டை, கம்பளத்தில் கறை, குளியலறையில் பெயர்ந்த ஓடு, எல்லாவற்றையும் எழுதுங்கள். நாகரிகம் கருதி எழுதாமல் விட்டவர்கள் கிளம்பும்போது அந்தக் கறைக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள்.

குளிர்கோட்டு சென்னையில் வாங்க வேண்டாம். இங்கே கிடைப்பது ஊட்டிக்குத்தான் ஆகும்.

அறைக்குள் உட்கார்ந்திருப்பது

இனி முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் வருடம் வீணாகிறது.

ஒரு வருடம் என்பது பேச்சுக்குத்தான். ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்குகிறது. நவம்பர் நான்காம் வியாழன் நன்றி தெரிவிக்கும் நாள், அந்த வாரம் வளாகம் காலி. டிசம்பர் நடுவில் பூட்டினால் ஜனவரியில்தான் ஆள் தெரியும். ஏப்ரல் கடைசியில் எல்லாம் முடிந்துவிடும். கூட்டிப் பார்த்தால் 30 வாரம் தேறுவதே கஷ்டம். இதில் முதல் இரண்டு மாதத்தைப் 'பழகிக்கொள்ள' என்று விட்டுவிட்டால், சுறுசுறுப்பு வரும்போது பனியும் கூடவே வந்திருக்கும்.

செப்டம்பர் முதல் வாரத்திலேயே பேராசிரியரிடம் ஒரு நிலையான நேரம் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் போதும். மின்னஞ்சலில் "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி அரைப் பக்கம் நலம் விசாரிக்காதீர்கள். நண்பர் கடைசியில் அனுப்பிய கடிதம் மூன்று வரி: உங்கள் முதுகலை வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாமா, நகரக் குடிநீர்த் துறையில் யாரைப் பார்க்கலாம், செவ்வாய் 2 மணி அல்லது வியாழன் 10 மணிக்கு வரலாமா. பதில் இருபது நிமிடத்தில் வந்தது. மூன்றுக்கும் சரி. மூன்று வாரம் காத்துக்கிடந்ததை நினைத்து அவருக்கே வெட்கமாகிவிட்டது.

அறுபத்தைந்து வயதுப் பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நமக்கு நாக்கு எழாது. அவரே "என்னை டேவிட் என்று கூப்பிடு" என்ற பிறகும் 'சார்' போட்டால், மரியாதை என்று எடுத்துக்கொள்ள மாட்டார். விலகி நிற்கிறீர்கள் என்று நினைப்பார். அதே சமயம், "ஒருநாள் காபி குடிக்கலாம்" என்று யாராவது சொன்னால் நாள் சொல்லாதவரை அது வெறும் வணக்கம்தான். உதவி செய்கிறேன் என்பதை உண்மையாகவும், காபி என்பதைச் சும்மாவும் எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் செய்வது நேர் எதிர்.

வேறு பல்கலைக்கழகம் உரையாற்றக் கூப்பிட்டுச் சன்மானம் தருவதாகச் சொன்னால், உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்தில் முன்கூட்டி எழுத்தில் அனுமதி வாங்காமல் அந்தப் பணத்தைத் தொட்டால் விசா விதிமீறல். அனுமதி பெரும்பாலும் கிடைத்துவிடும். பின்னால் போய்க் கேட்பதுதான் வம்பு.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. போலீஸ் பின்னால் விளக்குப் போட்டு நிறுத்தினால், நம் ஊர் வழக்கப்படி இறங்கி அவரை நோக்கி நடந்து போகாதீர்கள். வண்டிக்குள்ளேயே, கை இரண்டும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி உட்கார்ந்திருங்கள்.

கிளம்பும்போது

வரி விஷயத்தைக் கணக்குக் காட்டும் ஏப்ரல் வரை தள்ளிப்போடாதீர்கள். பல்கலைக்கழகம் சம்பளம் தருகிறதென்றால், இந்தியாவுடனான வரி ஒப்பந்தத்தின் 22ஆம் பிரிவில், கற்பிக்கவும் ஆராயவும் வருகிறவர்களுக்கு 2 வருடம் வரை வருமான வரி விலக்கு உண்டு. அதைச் சேர்ந்த முதல் வாரமே 8233 படிவத்தில் கேட்க வேண்டும், தானாக வராது. வருமானமே இல்லாவிட்டாலும் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் 8843 படிவத்தைத் தனியாக வரித் துறைக்கு அனுப்ப வேண்டும். விளம்பரத்தில் வரும் வரி மென்பொருளில் அமெரிக்கர் மாதிரி 1040 படிவம் போட்டுவிட்டுப் பிறகு திருத்துகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். நமக்கு உரியது வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர்.

திட்டம் முடிந்த பிறகு 30 நாள் ஊர் சுற்றலாம். வேலை செய்யக் கூடாது. கனடாப் பக்கம் நயாகராவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எல்லை தாண்டினால், அந்த விசாவில் திரும்ப உள்ளே வர முடியாது.

வீட்டைக் காலி செய்த 4 நாளுக்குள் புது விலாசத்தை வீட்டுக்காரருக்கு எழுத்தில் கொடுங்கள். மிஷிகனில் 30 நாளுக்குள் அவர் டெபாசிட்டையோ பிடித்தத்தின் கணக்கையோ அனுப்பியாக வேண்டும். ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்குள்ள வங்கிக் கணக்கை மட்டும் கடைசி நாளில் மூடிவிடாதீர்கள். டாலர் காசோலை ஒன்று தபாலில் திருநெல்வேலி வந்து சேர்ந்தால், அதை மாற்ற நீங்கள் படும் பாடு தனிக் கதை.