அச்சிட்ட அளவுத்தாளை முதலில் அளந்து பாருங்கள்

இணையத்தில் கிடைத்த கால் அளவுத்தாளை அச்சிட்டு மகளுக்குச் செருப்பு அளவு பார்த்தேன். சரியாகப் பொருந்தும் செருப்பையே அவள் போட்டிருக்க, தாள் அதைவிட ஒரு அளவு பெரிதாகக் காட்டியது. சந்தேகத்தில், தாளிலிருந்த 10 செ.மீ. கோட்டின்மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்தேன். 9.7 செ.மீ.தான் இருந்தது.

காரணம் தாளின் அளவு. அந்தக் கோப்பு அமெரிக்காவில் புழங்கும் லெட்டர் தாளுக்கானது, அகலம் 215.9 மி.மீ. நம் ஏ4 தாள் 210 மி.மீ. பிரிண்ட் அமைப்பில் 'ஃபிட்' (தாளுக்குள் அடங்கும்படி அளவை மாற்றுவது) இருந்ததால் எல்லாம் 97 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. தாளில் அச்சான ஸ்கேல் சுருங்கினால் கால் பெரிதாகத்தானே தெரியும்! ஐரோப்பிய அளவில் ஒவ்வொரு எண்ணுக்கும் வித்தியாசம் 6.67 மி.மீ. மட்டுமே, 20 செ.மீ. பாதத்தில் 6 மி.மீ. பிசகினால் கிட்டத்தட்ட ஒரு எண் மாறிவிடும்.

'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் என்று மாற்றி அச்சிட்டதும் கோடு சரியாக வந்தது. கடையில் பிரிண்ட் எடுப்பவர்கள் இதைச் சொல்லியே வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக வேண்டாம், பிடிஎஃப் கோப்பாகவே அனுப்புங்கள்.

ஸ்கேல் இல்லையா? ஏடிஎம் கார்டு போதும். அதன் நீளம் 85.6 மி.மீ., அகலம் சுமார் 54 மி.மீ. தாளில் அச்சான ஸ்கேலோடு கார்டின் நீளம், அகலம் இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பாருங்கள். அப்புறம், பிளாஸ்டிக் ஸ்கேல்கள் பலவற்றில் பூஜ்யம் ஓரத்தில் தொடங்குவதில்லை. பூஜ்யக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும்.